பத்து மணிக்குப் போயிடும் தலைவலி

என் மகளுக்கு அப்போ ஒன்பது வயசு. காலையில கண்ணு முழிச்சா முதல் பேச்சே "அம்மா, தலை வலிக்குது"தான். பத்து மணி ஆச்சுன்னா வலி போன இடம் தெரியாதுன்னு அவளே சொல்லுவா.

"அதெப்படிடீ ஸ்கூல் மணி அடிச்சதும் ஓடிப்போற தலைவலி?"ன்னு கத்துவேன். ரெட்டியார்பாளையத்துலேர்ந்து பஸ் மாறி, ஒன்பது மணிக்குத் தவளக்குப்பம் துணிக்கடையில நான் நிக்கணும். வீட்டுக்காரர், என் தாய்மாமன்தான், தேங்காய்த்திட்டுல மீனுக்கு ஐஸ் உடைக்கற வேலை. விடியறதுக்குள்ள கெளம்பிடுவார். திட்டறதுக்கு நான் ஒருத்திதான். ஞாயித்துக்கிழமையும் தலை வலிக்குதுன்னுதான் சொல்லுவா. அதை நான் காதுலயே வாங்கல.

படுக்கறதுக்கு ரெண்டு தலகாணி கேப்பா. சாஞ்சாதான் தூக்கம் வரும். "மகாராணிக்கு மெத்தை போடணுமா?"ன்னு கிண்டல் பண்ணுவேன். மாடிப்படியில பாதியில உட்கார்ந்துடுவா. சோம்பேறின்னேன்.

கணக்குப் பரீட்சை அன்னிக்குத் தலையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், படிக்காம இருந்துட்டு தலை மேல பழியா?" பளார்னு ஒண்ணு வச்சேன். அஞ்சு விரலும் கன்னத்துல பதிஞ்சுது. அதோடவே கொண்டுபோய் ஸ்கூல்ல விட்டேன்.

அதுக்கப்புறம் அவ சொல்றதையே விட்டுட்டா. முகம் வாடியிருக்கேன்னு நானா கேட்டாலும் "இல்லம்மா, ஸ்கூலுக்குப் போறேன்"ம்பா. ஒரே அடியில வழிக்கு வந்துட்டான்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட பெருமை வேற அடிச்சுக்கிட்டேன். பாவி நான்.

ரெண்டு மாசம் போச்சு. வகுப்புல தூங்கினவளை எழுப்ப முடியலன்னு டீச்சர் போன் பண்ணாங்க. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஏதேதோ டெஸ்ட் எடுத்தாங்க. கடைசியா டாக்டர் எங்களை உட்கார வச்சுக் கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

தலையாட்டினோம். அபூர்வமா வர்ற பரம்பரை நோயாம். தசையில சேர்ற சர்க்கரையைக் கரைக்கற என்சைம் அவளுக்குப் பிறவியிலேயே இல்லியாம். அது தேங்கித் தேங்கி, மூச்சு இழுக்கற தசையே தளர்ந்துபோச்சாம்.

"படுத்தா இன்னும் கஷ்டம். கெட்ட காத்து வெளிய போகாம உள்ளயே தங்கிடும். அதான் காலையில தலை வலிக்கும். எழுந்து நடமாடினா கொஞ்ச நேரத்துல சரியாயிடும். பாப்பா அப்படி ஏதாவது சொன்னாளா?"

"சொன்னா சார்"னேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

தூங்கறப்ப போட்டுக்க மூச்சு மெஷின் குடுத்தாங்க. அந்த என்சைமை உடம்புல ஏத்தற வெளிநாட்டு ஊசிக்கு அரசாங்கத்துல மனு போட்டுட்டுக் காத்திருந்தோம். ஊசி வர்றதுக்கு முன்னாடி ஐப்பசி மழை வந்துடுச்சு. சாதாரண சளிதான், நெஞ்சுல கட்டிக்கிச்சு. சளியை இருமி எடுத்துப் போட அவளுக்குத் தெம்பு இல்ல. மறுபடியும் ஆஸ்பத்திரியில சேர்த்தோம்.

மூணாம் நாள் மத்தியானம், நெத்தியைச் சுருக்கிக்கிட்டுப் படுத்திருந்தா. நான் குனிஞ்சு கேட்டேன். "தலை வலிக்குதாடி தங்கம்? சொல்லுடி, அம்மா அடிக்கமாட்டேன்."

மாஸ்க்குக்குள்ள உதடு அசைஞ்சுது. காதைக் கிட்ட வச்சேன்.

"இல்லம்மா, ஸ்கூலுக்குப் போறேன்."

சாயங்காலம் போயிட்டா. கடைசி வரைக்கும் வலிக்குதுன்னு என்கிட்ட சொல்லவே இல்ல.