அட்டைப்படத்துக்கு வந்த பெண்

"அட்டையில யார் வரணும்னு எப்படி சார் முடிவு பண்றீங்க? நடிகைங்க சிபாரிசு பிடிப்பாங்களாமே?" — போன வாரம் என் பல்லைப் பிடுங்கிக்கொண்டே டாக்டர் கேட்டார். பதில் சொல்லும் நிலையிலா இருந்தேன்? இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஃபேஷன் பத்திரிகை ஆசிரியர், எடுத்த படங்களின் ஃபிலிம் ஸ்லைடுகளை விளக்குப் பெட்டிமேல் பரப்புவார். டைப்பிஸ்ட், டிரைவர், காபி கொண்டுவருபவர்... ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். "கண்ணு முதல்ல எங்கே போகுது?" அவ்வளவுதான் கேள்வி. விரல்கள் காட்டும் முகம்தான் அட்டைக்கு.

சில வருஷங்களுக்கு முன், உச்சத்திலிருந்த ஒரு நடிகையைச் சங்கரன்கோவில் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தோம். பட்டப்பகல். கயிறு கட்டிக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள்.

சென்னைக்கு வந்து பார்த்தால் — ஒரே ஒரு ஸ்லைடில், நடிகைக்குப் பின்னால் பச்சைச் சேலையில் ஒரு பெண்! நேராக கேமராவைப் பார்க்கிறாள்.

"அங்கே யாருமே இல்லை சார்..." போட்டோகிராபர் ஸ்லைடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். யாரும் இல்லை.

ஆனால் எல்லோர் விரலும் அவள்மேல்தான் போனது. ஆசிரியர் தயங்கவில்லை. நடிகையை வெட்டிவிட்டு அவளை அட்டையில் போட்டார்.

இதழ் போய்ச் சேர்ந்த அன்றே, சங்கரன்கோவில் ஏஜென்ட் டிரங்க் காலில் வந்தார்.

"அண்ணாச்சி, என்ன காரியம் பண்ணிட்டிய? இது நம்ம பூக்கடைக்காரர் மவ கோமதில்லா! அவ செத்து வருசக்கணக்காச்சு."

மன்னிப்புக் கேட்க நானே போனேன். பூக்கடைக்காரர் கோபப்படவில்லை.

"மன்னிப்பு எதுக்குய்யா? எங்ககிட்ட அவ போட்டோ ஒண்ணுகூடக் கெடையாது."

"சாயலில் வேறு யாராவது..." என்று இழுத்தேன்.

"என் கையால கொள்ளி வச்சேன். எம்புள்ளைய எனக்குத் தெரியாதா?"

அவர் மனைவி இதழை மடியிலிருந்து இறக்கவே இல்லை. "சின்ன வயசுல போயிட்டா. கன்னியாப் போனவன்னு வருசாவருசம் பாவாடை தாவணி வச்சுல்லா கும்பிடுதோம்... இப்பம் பாருங்க, எம்புட்டு வளந்துட்டா!"

படத்தின் கழுத்தில் விரலை வைத்தார்.

"தாலி."

ஆமாம். மஞ்சள் கயிறு. அந்த நிமிஷம்வரை எங்களில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. வெயில் கொளுத்திய அந்தக் கடைவாசலில் எனக்கு முதுகு சில்லிட்டது. அந்த அம்மாவோ சிரித்தார்.

"எங்கனயோ நல்லா இருக்கா. இனிமே படையலுக்குச் சேலைதான் எடுக்கணும், என்னங்க?"

பூக்கடைக்காரர் தலையாட்டினார். அதுவரை அழாதவர், அப்போதுதான் அழுதார்.

ஸ்லைடைப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு அனுப்பிவைத்தோம். வெட்டுப்பட்ட நடிகை மட்டும் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை...

கோபமெல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான்!