கீரைக்காட்டுக்கு நான் அடித்த மணி

1. செங்கல் குழி

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே இருந்த ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே எங்கள் குருவானவர் என்னைப் பள்ளியின் பின்புறம் அழைத்துச் சென்றார். செங்கல் சூளைக்கு மண் எடுத்துவிட்டுக் கைவிட்ட மூன்று ஏக்கர் நிலம். குழி, முள், ஊர்க்குப்பை.

"செடிகொடி பத்தி நெறையப் படிச்சவுகன்னு சொன்னாக. இத உருப்படியாக்க ஏலுமா, டீச்சர்?" என்றார்.

பயிர் வைக்கத் தண்ணீர் இல்லை. ஆகவே தானாக வளர்வதை வளரவிடுவது என்று தீர்மானித்தேன். குப்பையை அள்ளினோம். கிளுவைக் கம்புகளை நட்டு உயிர்வேலி அமைத்தோம். மழைநீர் நிற்கும்படி குழிகளைச் சுற்றிக் கரை போட்டோம். இலந்தை, சூரை முட்செடிகளை வெட்டவில்லை. வடக்கு மூலைப் புதரைப் பறவைகளுக்கென விட்டுவைத்தோம். இரண்டாவது மழைக்குக் கரையெங்கும் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் முளைத்தன. வேலியில் கோவைக்கொடி ஏறியது. காடை முட்டையிட்டது. கீரி குட்டிகளோடு வந்தது. வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து விட்டிருந்தேன். சுற்றுப்புறப் பெண்கள் அதன் வழியே தமக்கு ஒழிந்த நேரத்தில் வந்து, வேண்டியதைப் பறித்துப் போனார்கள்.

2. பொன்னுத்தாயின் கண்

நாள் தவறாமல் வந்தவள் முத்தக்காள். புருஷன் பிழைப்புக்கு ரங்கூன் போனவன். யுத்தம் தொடங்கியபின் தகவல் இல்லை. கூலிவேலை முடிந்து, ஆறு வயது மகள் பொன்னுத்தாயோடு வருவாள். பொழுது சாய்ந்தால் அந்தக் குழந்தை நிலைப்படியில் முட்டிக்கொள்ளும். மாலைக்கண். தினம் ஒரு கைப்பிடி கீரை, ஒருநாளும் விடக்கூடாது என்று மிஷன் மருந்தகத்து நர்ஸ் சொல்லியிருந்தார்.

முத்தக்காள் நுனியை மட்டுமே கிள்ளுவாள்.

"நுனியக் கிள்ளுனா நாளைக்கும் தரும், டீச்சரம்மா. வேரப் புடுங்குனா நாளன்னைக்கு என் வாயில மண்ணுதான்."

மூன்று மாதம் கழித்து ஒரு மாலை, விளக்கு வைக்கும் வேளையில், பொன்னுத்தாய் முற்றத்தைத் தாண்டி என்னிடம் ஓடிவந்தாள். "டீச்சரம்மா, ஒங்க சேலையில பூப் போட்டிருக்கு!" என்றாள். என் உத்தியோக வாழ்வில் அதைவிடப் பெரிய சம்பளம் நான் வாங்கியதில்லை.

3. எல்லாருக்கும் சமமாக

அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. ரேஷன் தானியம் போதவில்லை. தொலைவிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். முந்தி வருபவர்கள் வழித்துப்போவதாகப் புகார்கள் எழுந்தன. "எல்லாருக்கும் சமமா ஏதாச்சும் செய்யுங்க, டீச்சர்" என்றார் குருவானவர்.

நாற்பது குழந்தைகளைச் சமமாக நடத்த எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: மணி. வேலியில் விட்டிருந்த சந்தை முள்ளால் அடைத்து, ஒரு கதவு போட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்குப் பள்ளி மணி அடித்தால் திறப்பு. பதினொன்றுக்கு அடித்தால் அடைப்பு.

முத்தக்காள் மட்டும் வழக்காட வந்தாள். "கீரை என்ன பள்ளிக்கூடமா, மணியடிச்சா வாரதுக்கு? சனிக்கெழம ஆஞ்சது மறுநாளே வாடிப்போகும். புதங்கெழமைக்கு எம்மகளுக்கு என்னத்தக் குடுக்க?"

"ஒங்களுக்கு மட்டும் தெறந்தா மத்தவுக கேப்பாகளே, முத்தக்கா."

"கேக்கட்டும். எம்மக கண்ணுக்கு வாரத்துல ஆறு நாளு லீவு விட ஏலுமா?"

நான் பொறுமையாக, சட்டத்தை மறுபடியும் முதலிலிருந்து விளக்கினேன்.

முன்பு நாள் முழுவதும் இருவர் மூவராக வந்தார்கள். பக்கத்தில் கிள்ளுபவளின் கண்முன் எவளும் வேரைப் பிடுங்கமாட்டாள். இப்போதோ எல்லாருக்கும் சேர்த்து ஒரே மணி நேரம். கிள்ளுவது மெதுவான வேலை, பிடுங்குவது விரைவானது. நான்காம் சனிக்கிழமை கதவைத் திறந்ததும் கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. கீரை வேரோடு வந்தது. கோவைக்கொடி பிஞ்சோடு கிழிந்து விழுந்தது. காடை முட்டைகள் காலடியில் நொறுங்கின. நடுவே முத்தக்காள் குனிந்து, நுனி கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, பூக்கட்டவா கிள்ளுற? புடுங்கி மடியில போடு!" என்று ஒருத்தி இரைந்தாள்.

"கை வரமாட்டேங்குது" என்றாள் முத்தக்காள். நான் அடைப்பு மணி அடித்தபோது அவள் மடியில் அரைக் கைப்பிடிதான் இருந்தது.

மறுவாரம், வேரைப் பிடுங்கக்கூடாது என்று அழகான கையெழுத்தில் ஒரு பலகை எழுதி வைத்தேன். வந்தவர்களில் வாசிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை.

கோடை முடிவதற்குள் நிலம் வெறுமையாயிற்று. பொன்னுத்தாயின் கருவிழிகளில் வெண்மை படர்ந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலம் கடந்துவிட்டது என்றார்கள். திரும்பிவரும் வழியெல்லாம் முத்தக்காள் மகளை மடியில் வைத்து, வெயில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள்.

4. மிச்சம்

கதவைப் பிடுங்கி எறிந்தேன். வேலிச் சந்தில் அடைத்திருந்த முள்ளை அகற்றினேன். மறுவருஷம் மழையும் பெய்தது. விதை விழ ஒரு கீரைச் செடியும் மிஞ்சாத கரையில் எருக்கும் முள்ளும் மட்டுமே முளைத்தன. காடை வரவில்லை.

இத்தகைய பணியை மேற்கொள்ளும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. அந்த நிலத்துக்கு ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. அது பெண்களின் விரல்களில் இருந்தது. எழுதப்படாததால், அப்படி ஒன்று இல்லை என்று நான் எண்ணிவிட்டேன். சட்டம் செய்யுமுன் ஒரு வருஷமாவது அந்தச் சந்தின் ஓரத்தில் உட்கார்ந்து கைகளைப் பார்த்திருக்க வேண்டும்.

பொன்னுத்தாயைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டேன். ஒருநாள் இடைவேளை மணி அடித்ததும் அவள் சட்டென்று எழுந்தாள். "டீச்சரம்மா, மணி அடிச்சிருச்சு. அம்மா கூலிக்குப் போயிருக்கு. கதவு எங்கனன்னு காட்டுங்க, நான் போயிக் கிள்ளிட்டு வாரேன்" என்றாள். காடு அழிந்ததை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

என்னாலும் சொல்ல இயலவில்லை. கையைப் பிடித்து அழைத்துப்போனேன். எருக்கஞ்செடிகளுக்கு நடுவே அவள் குனிந்தாள். அந்தச் சிறு விரல்கள், அம்மா செய்ததைப் போலவே, நுனியைத் தேடி வெறுங்கரையைத் தடவிக்கொண்டே போயின.