பிரபுவுக்கு ரீத்தா என்ன முறை?

நாகேஸ்வரியிடம் ஒரு மனிதர் அகப்பட்டால் மூன்று கேள்விக்குள் அவருடைய பூட்டனை வெளியே இழுத்துப் போட்டுவிடுவாள். எந்த ஊர், எந்தக் கோயிலடி, ஆரின்ரை பிள்ளை. அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துச் சுழிபுரத்தில் கலியாணம் பேசுகிறவர்கள் சாத்திரியாரிடம் போக முன்னர் அவளிடம்தான் வருவார்கள். சாத்திரியார் கிரகத்தை மட்டும் பார்ப்பார். இவள் யாருடைய பாட்டி யாரோடு போனவ என்பது வரைக்கும் பார்ப்பாள்.

இப்படிப்பட்ட ஒருத்தியை 1973இல் கொண்டுபோய் மெல்பேர்னில் இறக்கினால் அவள் என்ன செய்வாள், பாவம்? அந்த நகரத்தில் அவள் தேடிக் கண்டுபிடித்த தமிழ்க் குடும்பங்கள் மொத்தம் பதினொன்று. ஆறு மாதத்தில் பதினொன்றையும் வேரோடு கிண்டி முடித்துவிட்டாள். அதன் பிறகு கிண்ட நிலமில்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டு, வாய் அரிக்க அரிக்க நின்றாள்.

கணவர் சிவபாலன் நில அளவைக்காரர். அளந்துதான் பேசுவார். அதிகம் பேசவும் வழியில்லை, ஏனென்றால் எந்தப் பேச்சும் "நான் உடையார் பேத்தி" என்ற இடத்தில் போய் முடிந்துவிடும். உடையார் என்பது வெள்ளைக்காரன் காலத்தில் ஊருக்கே பெரிய பதவி. நாகேஸ்வரியின் பாட்டனாருக்கும் உடையாருக்கும் நெருக்கம் இருந்தது உண்மை. இருவரும் ஒரே வண்டிலில்தான் போய் வந்தார்கள். உடையார் பின்னுக்கு இருப்பார், பாட்டனார் முன்னுக்கு இருந்து மாட்டை ஓட்டுவார். ஊரில் இது தெரியாத ஆளில்லை என்பதால் ஊரில் இருந்தவரைக்கும் அவள் உடையார் பேத்தியாக இருக்கவில்லை. விமானம் சிங்கப்பூரைத் தாண்டிய பிறகுதான் ஆனாள். மெல்பேர்ன் ஓரத்துச் சென்ட் அல்பன்ஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்த கையோடு, உடையார் பேத்தி தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதும் நின்றது. சிவபாலன் தானே ஊற்றிக் குடிக்கப் பழகிக்கொண்டார்.

அவளுடைய வாய் அரிப்புக்கு மருந்து மால்டாவில் இருந்து வந்தது. பக்கத்து வீட்டு ரீத்தாவும் சலவைப் பகுதியில் அவளோடுதான் வேலை. ரீத்தாவின் புருஷன் சால்வு பகலில் டயர் தொழிற்சாலையில் ரப்பர் வெட்டுவார். ஆனால் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் அவர் தல் ஹர்ரூப் பிரபு வம்சம். இருநூறு வருஷத்துக்கு முன் மால்டாவை ஆண்டவர்கள் கொடுத்த பட்டமாம். பட்டத்தோடு தண்ணீர் இல்லாத நாலு ஏக்கரும் கொஞ்ச ஆட்டுத் தீனி மரங்களும் கிடைத்தனவாம். ஏக்கர் எப்போதோ போய்விட்டது. மிஞ்சியது முன் அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த வம்ச மரப் படமும், சிங்கக் கால் வைத்த ஒரு பெரிய கதிரையும்.

அந்தக் கதிரையில் சால்வுவைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது. சாப்பாட்டு வேளையில் அதை மேசைத் தலைமாட்டுக்கு இழுத்து வருவார்கள். அவர் சாப்பிட்டு எழும்பும் வரைக்கும் ரீத்தா அகப்பையோடு பக்கத்தில் நிற்க வேண்டும். "ரொட்டிக்காரன் பேத்தி பிரபு வீட்டுக்கு வந்தது கும்பிட்ட புண்ணியம்" என்று வாரத்துக்கு ஒருதரமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் செமிக்காது. இருபத்திரண்டு வருஷமாக இப்படி. சலவையிலும் எட்டு மணி நேரம் நிற்கிற வேலைதான். கால் நரம்பெல்லாம் புடைத்துப் போயிருந்தது. ஒருநாள் விரிப்பின் மற்ற நுனியைப் பிடித்தபடி ரீத்தா சொன்னாள்: "ஒருக்கா எண்டாலும் இருந்து, சூடாச் சாப்பிட வேணும் நாகேஸ்." அவள் பேசியது இங்கிலீஷ். நாகேஸ்வரியின் காதில் விழும்போது எல்லா இங்கிலீசும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும்.

அதைக் கேட்டு நாகேஸ்வரிக்கு நெஞ்சு கரைந்ததா என்றால், இல்லை. அவளுடைய கண் முழுக்க அந்த வம்ச மரத்தில்தான் இருந்தது. ஒரே வாரத்தில் எட்டுத் தலைமுறையையும் மனப்பாடம் செய்துவிட்டாள். சால்வுவுக்கே தடுமாறும் இடங்களில் இவள் எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் அந்த மரம் மூன்று சகோதரர்களாகப் பிரிந்தது. மூத்தவருடைய மகன்தான் இப்போது மால்டாவில் பட்டத்தோடு இருக்கும் பிள்ளையில்லாத கிழவர். கடைசிச் சகோதரரின் பேரன் சால்வு. நடுச் சகோதரர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புனித அந்தோனியார் படம் ஒட்டியிருந்தது.

"இதுக்குக் கீழ ஆர்?" என்று கேட்டாள்.

"ஒருத்தருமில்லை. கறை பிடிச்சுப் போச்சு, அதுதான் ஒட்டினது" என்றார் சால்வு.

சுழிபுரத்தில் இந்த மாதிரிக் கறைகளை அவள் எத்தனையோ பார்த்தவள். ஆனாலும் பிரபு வீட்டில் கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டாள்.

1975ஆம் ஆண்டு குளிருக்குள் மால்டாவில் இருந்து ஒரு கடிதம் வந்தது. முதல் தாளில், கிழவர் காலமானார் என்று இருந்தது. அதைச் சால்வு தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தார். இரண்டாம் தாளை வாசிக்காமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

இரண்டாம் வாரம் சிட்னியில் இருந்து ஹோல்டன் காரில் நென்னு வந்து இறங்கினார். சால்வுவின் பெரியப்பா மகன். இல்லை, சித்தப்பா மகன். சண்டையே அதுதான். இருவருடைய தகப்பன்மாரும் இரட்டையர். எவர் முதலில் பிறந்தாரோ அவருடைய மகனுக்குத்தான் பட்டம். மருத்துவிச்சி செத்து ஐம்பது வருஷமாகிறது. தீர்ப்புக்கு ஞாயிறு மத்தியானம் விருந்து வைத்தார்கள். நடுநிலைச் சாட்சியாக, உடையார் பேத்தி என்ற தகுதியில், நாகேஸ்வரிக்கு அழைப்பு. சிவபாலனும் கூடப் போனார்.

மேசையில் முயல் கறி. சைவக்காரர் இருவருக்கும் பட்டாணி வைத்த பேஸ்ட்ரியும் மரக்கறி சூப்பும். அகப்பையோடு ரீத்தா நின்றாள். சால்வு கதிரையில் இருந்தபடி பட்டம் கொடுத்த பட்டயத்தின் விதியை உரக்கச் சொன்னார்: மூத்த கிளையில் ஆள் இருக்கும் வரை இளைய கிளைக்கு உரிமை இல்லை. அந்தக் கிளையில் ஆண் இல்லாவிட்டால் பெண்ணுக்கு.

"என்ரை அப்பா பிறக்கேக்கை தலையில நிறைய மயிர் இருந்ததாம். மூத்ததுக்குத்தான் அப்பிடி இருக்கும்" என்றார் நென்னு.

"உன்ரை அப்பா கடைசி வரைக்கும் மொட்டை" என்றார் சால்வு.

அரை மணி நேரம் இப்படியே போனது. சூப் ஆறிக்கொண்டிருந்தது. நாகேஸ்வரிக்குச் சலித்துவிட்டது. மருத்துவிச்சி இல்லாத வழக்கில் அவளுக்கு என்ன வேலை? சும்மா இருக்க முடியாமல், பழக்க தோஷத்தில், ரீத்தாவைப் பார்த்து ஊரில் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"ரீத்தா, கலியாணத்துக்கு முந்தி நீர் சால்வுவுக்கு என்ன முறை?"

"கசின்" என்றார் சால்வு. "தூரத்துக் கசின்."

கசின்! வெள்ளைக்காரன் பாஷையில் மாமன் மகனும் கசின், சித்தியின் மகளும் கசின், வழியில் போகிற நாயும் கசின். அந்தச் சொல்லைக் கேட்டாலே நாகேஸ்வரிக்கு உடம்பு எரியும். "எந்த வழியில?" என்றாள்.

"வழி தெரியாது. நாங்கள் கட்டேக்கை சொந்தத்துக்கை எண்டு பிஷப்பிட்டை அனுமதி வாங்கினது. அந்தக் கடிதம் இருக்கு" என்றாள் ரீத்தா. அகப்பையை வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தோடு வந்தாள். கடிதத்தில் ரீத்தாவின் தகப்பன் பெயர் இருந்தது. தகப்பனின் தகப்பன் பெயரும் இருந்தது. பவுலு. பிரபுவின் இரண்டாவது மகன். ரொட்டிக்காரன் மகளைக் கட்டி, தானும் ரொட்டி சுட்டவர்.

முதலில் எழும்பியது நென்னுதான். தனக்குப் பட்டம் கிடைக்காவிட்டாலும் சால்வுவுக்குக் கிடைக்கக் கூடாது என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. வம்ச மரப் படத்தின் கண்ணாடியைக் கழற்றி, வெண்ணெய்க் கத்தியால் அந்தோனியாரை மெல்லக் கிளப்பினார். கறை ஒன்றும் இல்லை. பவுலு என்று வடிவான எழுத்தில் இருந்தது.

"பவுலுவுக்கு எத்தினை பிள்ளையள்?" என்று ரீத்தாவிடம் கேட்டாள் நாகேஸ்வரி.

"அப்பா மட்டும்தான்."

"அப்பாவுக்கு?"

"நான் மட்டும்தான்."

நாகேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். "அப்ப இரட்டையரை விடுங்கோ. அவை இளைய கிளை. நடுக் கிளை ரீத்தா. பிரபு ரீத்தாதான்."

சால்வுவின் முகம் வெளிறியது. சட்டைப் பையிலிருந்து அந்த இரண்டாம் தாளை அவசரமாக எடுத்தார். மால்டா அரசாங்கம் இனிமேல் எந்தப் பிரபுப் பட்டத்தையும் அங்கீகரிக்காதாம், சட்டம் வந்துவிட்டதாம். "பட்டமே இல்லை. எல்லாம் சும்மா" என்றார்.

"தெரியும்" என்றாள் ரீத்தா. "கடிதத்தை உடைச்சு முதல் வாசிச்சது நான்தான். எழும்பு."

சால்வு எழும்பினார். ஏன் எழும்பினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ரீத்தா சிங்கக் கால் கதிரையில் இருந்து, செருப்பைக் கழற்றி, கால் இரண்டையும் நீட்டினாள்.

"சூப் ஆறிப்போச்சு. சூடாக்கிக்கொண்டு வந்து போடு."

அவர் குசினிக்குப் போனார். அடுப்புப் பற்றும் சத்தம் கேட்டது. ரீத்தா அழுதாள், ஆனால் எழும்பவில்லை. நாகேஸ்வரிக்கும் கண் கலங்கியது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குக் கால் நிலத்தில் படவில்லை. "பாத்தீங்களே? ஒரு கேள்வி. ஒரேயொரு கேள்வி. இருபத்திரண்டு வருஷப் புளுகு பொலபொலவெண்டு கொட்டுண்டு போச்சு."

"ஓம்" என்றார் சிவபாலன். கொஞ்சத் தூரம் நடந்தார். "உம்மட வம்சத்தையும் ஒருக்காக் கீறிப் பாப்பமே? எனக்குக் கோடு கீறத் தெரியும்."

"அதுக்கென்ன இப்ப அவசரம்?"

"அவசரமில்லை. வண்டிலில முன்னுக்கு இருந்தவரை எவடத்தில போடுறது எண்டுதான் யோசிக்கிறன்."

நாகேஸ்வரி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்வியை மெல்லிய குரலில் கேட்டாள். "எப்ப தெரியும்?"

"கலியாணத்துக்கு முந்தியே. எங்கட அம்மா விசாரிக்காமல் விடுவாவே?"

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீர் சந்தோஷமாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சீர். எனக்குத் தேத்தண்ணி ஊத்தத்தான் தெரியுமே."

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே குசினிக்குப் போய்க் கேத்தலை வைத்தாள். இரண்டு வருஷமாக ஊற்றாத கை, சீனி கூடிப்போய்விட்டது. சிவபாலன் முழுவதையும் குடித்தார்.