ஐந்து நிமிடம் முந்திய கடிகாரம்

அக்காவின் கைக்கடிகாரம் எப்போதும் ஐந்து நிமிடம் முந்தி ஓடும். எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் அது வழக்கம்தான். பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று தெரிந்தே நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. சரவணம்பட்டியில் நான் சேர்ந்த முதல் வேலையில் அவர்தான் டீம் லீடு, எங்கள் எல்லோருக்கும் அக்கா. நூற்பாலை மெஷின்கள் நெட்வொர்க்கில் அனுப்பும் செய்திகளைப் பிரித்து, ஆள் படிக்கிற மாதிரி காட்டும் டிகோடரை எழுதிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு நேரம் உண்டு என்பார். மெஷின் தன் கடிகாரத்தைப் பார்த்து எழுதியது ஒன்று, செய்தி நம் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது இன்னொன்று. “மெஷின் சொல்றத நம்பலாங் கண்ணு. ஆனா நாம பாத்ததையும் வெச்சுக்கோணும்.” மேனேஜருக்கு அது வீண் இடமாகப் பட்டது. மெஷினின் நேரம் போதும், மற்றதைச் சேமிக்கவே வேண்டாம் என்றார். அக்கா சில மீட்டிங்குகளில் மல்லுக்கட்டிவிட்டு விட்டுக்கொடுத்தார். ஊரோடு ஒத்துப்போகத்தானே எங்களை வளர்த்திருக்கிறார்கள்.

பிறகு ஒரு மில்லில் ஒரு பெண்ணின் கை மெஷினில் சிக்கியது. அலறல் கேட்டதுமே நிறுத்திவிட்டுத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன் என்றார் அங்கிருந்த ஃபிட்டர். கூப்பிட்ட நேரம் அவர் போனில் இருந்தது. மெஷின் நின்றது அதற்கும் பிறகு என்று எங்கள் டிகோடர் காட்டியது. ஷிஃப்டுக்கு ஆட்கள் தாமதிக்கக் கூடாதென்று அந்த மில்லிலும் சுவர்க் கடிகாரத்தை முந்தி வைப்பார்கள். அதைப் பார்த்துத்தான் மெஷினுக்கும் நேரம் வைத்திருந்தார்கள். அக்கா நேரில் போய் இதைச் சொன்னார். அதற்குள் மெஷினின் நேரத்தை யாரோ சரிசெய்திருந்தார்கள். ஆதாரம் எங்கே என்றார்கள் மில்காரர்கள். செய்தி வந்து சேர்ந்த நேரம் இருந்திருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். அதைத்தான் நாங்கள் வைத்துக்கொள்ளவே இல்லையே. ஃபிட்டரின் வேலை போயிற்று. திரும்பி வந்த அக்கா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நம்மூட்டுக் கடிகாரமே முந்தித்தான ஓடுது. எனக்குத் தோணாமப் போச்சே,” என்றார். அந்த முகத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அவர் வேலையை விட்டுப் பல காலம் ஆகிறது. சென்ற மாதம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவருடைய பஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது.

“ஏனுங்கக்கா, உங்க வாட்ச்சு முந்தி ஓடுமே?”

கையை நீட்டிக் காட்டினார். என் போனில் இருந்த அதே நேரம்.

“அன்னிக்கே சரி பண்ணிப்போட்டேன் கண்ணு,” என்றார். “அந்த ஃபிட்டர் எங்க வேலைக்குப் போனாலும், புள்ள கை போறதப் பாத்துட்டு நின்ன ஆளுன்னுதான் இன்னும் சொல்றாங்களாம்.”