எழுதியவர்: செங்கொடி

டோல்கேட்டில் என் ஜெராக்ஸ் கடையும் செங்கொடி அக்காவின் மனு எழுதும் கடையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். சுவர் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான், உண்மையில் அது பிளைவுட் தட்டி. அந்தப் பக்கம் யார் யாரைத் திட்டினாலும் இந்தப் பக்கம் எனக்குக் காது குளிரக் கேட்கும். பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். "அக்கா, அவனுக்கு அகெய்ன்ஸ்டா ஒண்ணு போட்டுக் குடு." வேறு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாதவர்கள்கூட அந்த இடத்தில் 'அகெய்ன்ஸ்ட்' என்பார்கள். அப்படிச் சொன்னால்தான் எதிராளிக்கு வலிக்கும் என்று ஒரு நம்பிக்கை. அக்கா உடனே எழுதிவிட மாட்டார். காக்கி அட்டை போட்ட ஆங்கில அகராதி ஒன்று மேஜையில் இருக்கும். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பிப்பார்.

"எந்த அகெய்ன்ஸ்ட்டு? ஆட்சேபமா, எதிர்ப்பா, மறுப்பா, கண்டனமா? தப்பான வார்த்தய போட்டா ஆபீசர் தப்பான பைலுல வெச்சிடுவாரு."

காசிமேட்டு மீன்காரி பிலோமி, கடையை மறைத்துக்கொண்டு கன்டெய்னர் லாரி நிற்கிறது என்று வந்தபோது, "லாரியே வேணாம்னா சொல்ற? அங்க நிக்க வேணாம்னு தான? அப்போ அது அப்ஜெக்சன், ஆட்சேபம்" என்றார். தூசு தாங்காமல் எண்ணூரிலிருந்து ஒரு தெருவே திரண்டு வந்தது. அவர்களுக்கு ஆட்சேபம் பத்தாது, புரொடெஸ்ட்தான் என்று கொட்டை எழுத்தில் கண்டனம் போட்டுக் கொடுத்தார். இரண்டாவது மாடி வீட்டில் நான் ஆடே வளர்க்கவில்லை என்று மறுப்பு எழுத வந்த ஒருவரிடம் மட்டும் கையை விரித்துவிட்டார். "சட்ட பூரா ஆட்டு முடி. டினைலாம் பண்ண முடியாது நைனா. வேணும்னா வருத்தம் தெரிவிச்சிக்கலாம்."

அக்காவுக்கு இரண்டு பிடிவாதம் உண்டு. மனு யார் மேல் என்று பார்த்து ஆளைத் திருப்பி அனுப்ப மாட்டார். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டி, அடியில் 'எழுதியவர்' என்று தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் போடாமல் தாளைக் கையில் கொடுக்க மாட்டார். எழுதினவர் பேர் இல்லாத மனு மொட்டைக் கடுதாசி என்பது அவர் கட்சி.

வியாசர்பாடி குடியிருப்பில் அக்காவுக்குக் கீழ் வீட்டுக்காரர் குணசேகரன். அக்கா காயப்போடும் துணியிலிருந்து தன் பால்கனியில் தண்ணீர் சொட்டுகிறது என்று புகார் எழுத, நல்லா எழுதுவாங்க என்று அக்காவிடமே வந்தார். அக்கா அசரவில்லை. "சொட்டுதுன்னு போட்டா எவனும் வர மாட்டான். கொட்டுதுன்னு போட்டுக்கலாம்" என்று எழுதி, எழுதியவர் செங்கொடி என்று போட்டுக் கொடுத்தார். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது, சொல்லுங்கள்.

அக்காவின் மகன் செங்குட்டுவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அங்கே ஒரு கன்டெய்னர் கம்பெனியில் வேலை செய்யும் மகிமாவும் அவனும் பதிவுத் திருமணத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். நோட்டீஸ் பதிவு அலுவலகப் பலகையில் முப்பது நாள் தொங்கும். ஆட்சேபம் இருப்பவர்கள் கொடுக்கலாம். மகிமா வீட்டில் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அப்பா திட்டினால் வாங்கிக்கொள்வேன், ஆனால் அவர் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிட்டால் அவரை எதிர்க்கட்சியாக நிறுத்திவைத்து நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் செங்குட்டுவனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அப்டி ஒரு மனு வந்துச்சின்னா என் புள்ள கல்யாணம் அவ்ளோதான் மனோகரா" என்று அக்கா என்னிடம் சொன்னபோது குரல் இறங்கிப்போயிருந்தது.

அடுத்த வாரமே அந்த மனு நடந்து வந்தது. வெள்ளைச் சட்டை, அறுபது வயது, நெற்றியில் வேர்வை.

"கல்மண்டபத்துல கருப்பட்டி மண்டி வச்சிருக்கேன்மா. பேரு ஜெபசிங். என் மக மகிமாவுக்கு ரெஜிஸ்தர் ஆபீஸ்ல கல்யாண நோட்டீஸ் ஒட்டியிருக்காவ. நான் அதுக்கு அகெய்ன்ஸ்ட். எழுதித் தாங்க."

நான் தட்டிக்கு மேலே தலையை நீட்டி, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் தலை தானாக உள்ளே வந்துவிட்டது.

"உக்காரு நைனா. ஆட்சேபம்னா சட்டத்துல நாலு காரணம்தான் கீது. பையனுக்கு வயசு பத்தலயா?"

"இருவத்தொம்பதுன்னு போட்டிருக்கு."

"மொத பொண்டாட்டி எவளாச்சும்?"

"விசாரிச்சேன். இல்லம்மா."

"புத்தி சரியில்லாதவனா?"

"கிரேன் ஓட்டுதானாம். புத்தியில்லாதவன் கையில அத குடுப்பாவளா?"

"நெருங்கின சொந்தமா?"

"சொந்தமே இல்லங்கதுதானம்மா பிரச்சினை."

அக்கா சிரிக்கவில்லை. நான்தான் ஜெராக்ஸ் மிஷினைத் தட்டுவதுபோல் சிரிப்பை அடக்கினேன்.

"அப்போ ஆட்சேபம் நிக்காது. டிஸ்ப்யூட்னா ஆதாரம் கேப்பாங்க. புரொடெஸ்ட்னா நாலு பேரைக் கூட்டிக்கினு கோசம் போடணும். உனுக்கு உள்ள இன்னா கீதுன்னு சொல்லு. அதுக்கு இன்னா வார்த்தைன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

நான் மெல்ல மறுபடி எட்டிப் பார்த்தேன். அவர் கைக்குட்டையை எடுத்தார். "கருப்பட்டி வாங்க வந்தவன் சொல்லுதான்மா, அண்ணாச்சி, உங்க மக பேரு பலகையில தொங்குதுன்னு. ஊருக்கே தெரிஞ்ச பெறவுதான் பெத்தவனுக்குத் தெரியுது. அவ வந்து சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். போட்டுட்டு நாலு நாள்ல சரியாப் போயிருப்பேன். சண்டை போடக்கூட என்னைக் கூப்பிடலயே."

அக்கா தட்டச்சு மிஷினை இழுத்து அடித்தார். பிறகு உரக்கப் படித்தார். என் மகள் என்னிடம் சொல்லவில்லை. பையனைப் பற்றிக் குறையாக எதுவும் கேள்விப்படவில்லை. ஆனாலும் பெற்றவன் என்ற முறையில் ஆட்சேபிக்கிறேன். சொன்னது சொன்னபடியே இருந்தது.

படித்து முடித்து, அடியில் வழக்கம்போல் பெயரும் விலாசமும் அடித்துத் தாளை நீட்டினார். ஜெபசிங் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடிய கண் விலாசத்தில் நின்றது. சட்டைப் பையிலிருந்து, நோட்டீசைப் பார்த்து எழுதி வைத்திருந்த துண்டுச் சீட்டை எடுத்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இது பையன் வீட்டு விலாசம்லா?"

"ஆமா நைனா. என் புள்ளதான்."

"பெறவு எதுக்கு எழுதுனிய?"

"நீ கேட்ட, எழுதினேன். பெத்தவன் கோவத்த எழுதாத, வேணாம்னு சொல்ல நான் யாரு? அதுவும் இல்லாம, நான் எழுதலன்னா நீ வேற ஆளாண்ட போவ. அவன் என் புள்ளய பத்தி இல்லாததும் பொல்லாததும் எழுதிக் குடுப்பான். நான் எழுதினா நீ சொன்னது மட்டும்தான் கீது."

அவர் தாளை இன்னொரு தடவை முழுக்கப் படித்தார். பேனாவை மூடினார்.

"பெறுநர்ங்கத மாத்துங்கம்மா. ஆபீசர் வேண்டாம். மகிமான்னு போடுங்க. கடைசி வரியையும் எடுத்திருங்க."

'மகிமா' என்ற மூன்று எழுத்தை அக்கா இரண்டு தடவை தப்பாக அடித்தார்.

நாலாம் நாள் காலை ஜெபசிங் மறுபடி வந்து நின்றார்.

"லெட்டரைப் படிச்சிட்டு நேரா மண்டிக்கே வந்துட்டாம்மா. மூட்டைக்கு நடுவுல நின்னு ரெண்டு பேரும் அழுதோம். அன்னிக்கு யாவாரமே போச்சு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப இன்னொரு மனு எழுதணும். அகெய்ன்ஸ்டாத்தான்."

"யாரு மேல?"

"உங்க மேலதான். நாளு நெருங்கிட்டு. பையன் வீட்டுக்காரவ இன்னும் முறையா வந்து பொண்ணு கேக்கல."

அக்கா அகராதி மேல் கையை வைத்தார். "ஆட்சேபமா, கண்டனமா?"

"இப்போதைக்கு ஆட்சேபம் போதும்."

அக்கா எழுதினார், படித்துக் காட்டினார், எழுதியவர் செங்கொடி என்று போட்டார். ஜெபசிங் கையெழுத்துப் போட்டு, இதை யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். அக்கா தாளை வாங்கி, 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தானே தேதி போட்டார். நான் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

மணி பதினொன்றுகூட ஆகவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அக்கா வேலை நேரத்தில் கடையைப் பூட்டிக்கொண்டு, பூவும் பழமும் வாங்கப் போனார்.