சாமை டிரம்முக்குள் மோடம்

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள நான் முயலவும் இல்லை.

என் மகள் மின்பொறியாளர். சென்னையில் ஒரு கம்பெனியில், துணைமின் நிலையங்களுக்கான பாதுகாப்புக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் விரல் மூட்டுகள் வீங்கின. மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் சிவந்தது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. லூபஸ் என்றார் டாக்டர். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்கும் நோயாம். ஆயுசுக்கும் மாத்திரை, வெயில் மட்டும் படவே கூடாது என்றார். வேலையை விட்டுவிட்டு ஜமுனாமரத்தூருக்கு எங்களிடம் வந்துவிட்டாள்.

உடம்பு சரியில்லாதவரைப் போய்ப் பார்க்காமல் இருப்பது எங்கள் பக்கத்தில் பெரிய குற்றம். ஆப்பிளும் ரொட்டியுமாக வருவார்கள். போர்வைக்குள் முனகும் பெண்ணைப் பார்த்து இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுப் போகலாம் என்று வருகிறவர்களுக்கு என் மகள் பெரிய ஏமாற்றம். காதில் ஹெட்செட்டோடு லேப்டாப் முன்னால் யாருடனோ வாதாடிச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

"ஒடம்பு முடியலன்னு சொன்னாங்கோ. பொண்ணு சோக்கா பேசிக்கினு கீதே?" என்று என் காதில் விழும்படியே ஒருத்தி சொன்னாள். அவள் கொண்டுவந்த ஆப்பிளை நான் தொடவில்லை.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வந்த புதிதில் ஒரு நாள் சமையலறையில் கையை நீட்டி, "ம்மா, அத குடு... அது..." என்று நின்றுவிட்டாள். கரண்டி என்ற சொல் வரவில்லை. இந்த நோயில் சிலருக்கு மூளை மந்தமாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூட்டு வலிக்கு அழாதவள் அன்று தரையில் உட்கார்ந்து அழுதாள். அடுத்த வாரம் இணையத்தில் பொறியாளர்களின் ஒரு குழுவில் சேர்ந்தாள். எங்கோ எரிந்துபோன ஒரு மின் பலகையின் படத்தைப் போடுவார்கள். ஏன் எரிந்தது என்று எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிப்பார்கள். அதற்குக் கேஸ் என்று பெயர். கொஞ்ச நாளில் சனிக்கிழமைக் கேஸை இவளையே நடத்தச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை முழுக்கத் தயார் செய்வாள். அவளுடைய மூளை அவளிடம்தான் இருக்கிறது என்பதற்கு வாரம் ஒருமுறை அவளே தேடிக்கொண்ட சாட்சி அது.

நான் ஆசிரியை. அந்தச் சனிக்கிழமையும் எனக்குப் பள்ளி இருந்தது. முந்தின நாளே போளூரிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். புளி உடைக்கிற பருவம். என் கணவருக்குப் புளி வியாபாரம் என்பதால் வாசல் முழுக்கப் புளி காய்ந்துகொண்டிருந்தது. மத்தியானம் நான் திரும்பியபோது அந்தப் புளிக்கு நடுவில், கொளுத்துகிற வெயிலில், சாக்கின் மேல் உட்கார்ந்து என் மகள் புளி தட்டிக்கொண்டிருந்தாள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது.

"யார்டீ ஒன்ன இங்க உக்கார வச்சது?"

"இன்னாத்துக்கு கத்துற?" என்றார் நாத்தனார், முறத்தை ஆட்டிக்கொண்டே. "வெயில்ல போடாத புளி பூசணம் புடிக்குது. ஒடம்பும் அதாம்மா. நாள் பூரா இருட்டுல அந்தப் பொட்டிய பாத்துக்கினு கெடந்தா நோவு வராம இன்னா பண்ணும்? கைய ஆட்டி நாலு புளி தட்டினா மூட்டு நோவு தானா வுட்டுரும்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். லேப்டாப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் இன்டர்நெட் மோடத்தைக் காணவில்லை.

"மோடம் எங்க அண்ணி?"

"பத்திரமாத்தான் கீது."

"எங்கன்னு கேட்டேன்."

"சாமை டிரம்முல. அது வுடுற சூடெல்லாம் தானியத்துல அடங்கிடும்னு பொதச்சி வச்சேன்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தராசைப் பார்த்தார். மகள் வெயிலுக்கு வரமாட்டேன் என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். "அத்தை ஆசையா கூப்புடுது, கொஞ்ச நேரம் உக்காரேன்" என்று சொன்னது இவர்தான் என்று பிறகு தெரிந்தது. டாக்டர் சொன்னதை என்னோடு உட்கார்ந்து கேட்டவர். அப்பா சொன்னாரே என்று உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒங்க அக்கா மனசு நோவக் கூடாது, பொண்ணு உசுரு போனா பரவால்ல, இல்ல?" என்றேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. வேலூரிலிருக்கும் டாக்டருக்கு வாசலில் நின்று போன் செய்தேன். மாத்திரையைக் கூட்டச் சொன்னார். நாத்தனார் கடைசி பஸ்ஸில் போய்விட்டார். நானும் இருங்கள் என்று சொல்லவில்லை. மகளுக்கு வலியைவிட வேறு கவலை. எங்கள் வீட்டுக்குள் போன் சிக்னல் எடுக்காது. மோடம் இல்லாமல் குழுவுக்கு ஒரு வார்த்தை சொல்லாமலே கேஸ் நேரம் கடந்திருந்தது.

"மறந்துட்டேன்னு நெனப்பாங்கம்மா," என்றாள். "மறக்கல. ஒரு வரி கூட மறக்கல."

ராத்திரி முழுக்கக் காய்ச்சலைப் பார்ப்பதிலேயே போனது. காலையில் டிரம்மிலிருந்து மோடத்தை எடுத்துத் துடைத்து மாட்டினேன். விளக்கு எரியவில்லை. அவளுக்கு விரல் மடங்கவில்லை. கட்டிலில் படுத்தபடியே, "ம்மா, ஒயர் முழுசா உள்ள போச்சா? ஒரு நூல் வெளிய நிக்குது பாரு" என்றாள். நின்றது. "மொதல்ல சுவத்துல ப்ளக்க புடுங்கு. அப்புறம் அந்த ஓட்டைய பாரு."

ஓட்டைக்குள் சாமை. புடவையிலிருந்த ஊக்கைக் கழற்றி, அவள் சொன்னபடி ஓரமாக நெம்பி எடுத்தேன். மறுபடி மாட்டியதும் பச்சை விளக்கு வந்தது. அவள் சிரித்தாள். "அடுத்த கேஸ் கெடச்சிடுச்சி. காரணம், அத்தை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காய்ச்சலில் கிடப்பவள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள். அந்த மூளையைத்தான் சாமையில் புதைத்துவிட்டு இவளைப் புளி தட்ட வைத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை நான் லீவு போட்டேன். அவள் படுத்துக்கொண்டே பேசினாள். கதவை மூடிவிட்டு அதன் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆப்பிள் பையோடு என் நாத்தனாரும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். என் கணவர் அவர்களுக்குப் பின்னால் நின்றார்.

"பொண்ணு எங்கம்மா? பாக்கலாம்னு வந்தோம்."

நான் எழுந்திருக்கவில்லை.

"வேலையில கீறா அண்ணி. முடிஞ்சதும் வருவா. அதுவரிக்கும் வெளிய உக்காருங்க. நல்ல வெயில் அடிக்குது."