மாமியார் மாற்றிக்கொண்ட வேண்டுதல்

எனக்கு ஒரு பிள்ளை பிறக்க வேண்டும் என்றுதான் மாமியார் பால்குடம் எடுக்கிறார் என்பது, குடத்தில் பால் ஊற்றும் வேளையில்தான் எனக்குத் தெரியவந்தது.

மலேசியாவில் பாடாங் மேஹா பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்த ஒரு தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. என் கணவர் பிறந்து வளர்ந்த தோட்டம் அது. நாங்கள் இருவரும் சுங்கைப்பட்டாணியில் குடியிருந்தோம். அவருக்குக் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. எனக்கோ அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலேயே முதலாம் ஆண்டு ஆசிரியை வேலை.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம், யான் என்ற ஊரின் கடலோரக் கடை ஒன்றில் சுட்ட மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரிடம் சொன்னேன். "எனக்குப் பிள்ளை பெத்துக்க ஆசை இல்ல. உங்களுக்கு அது சரிப்படாதுன்னா இப்பவே சொல்லிடுங்க." அவர் முள் எடுத்த துண்டை என் தட்டுக்குத் தள்ளிவிட்டு, "எனக்கும் அப்படித்தான். இத யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தத் துணிச்சல் வீட்டாரிடம் வரவில்லை. "விசேஷம் ஏதும் உண்டா?" என்று யாராவது கேட்டால் இரண்டு பேரும் சிரித்து வைப்போம். எங்களுக்கு ஏதோ அமையவில்லை, வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறோம் என்று மாமியார் தாமாகவே முடிவு கட்டிவிட்டார்.

கோயில் தலைவர் மட்டும் சிரிப்போடு விடுபவர் அல்ல. அவர் எங்கள் பள்ளியின் பழைய மாணவர். அந்த வருஷம் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வகுப்பின் மூலையில் காலி நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தேன். அவற்றைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நம்ம ஜனம் கொறஞ்சுகிட்டே போகுது டீச்சர். பள்ளிக்கூடத்த மூடிட்டா பழி யாருக்கு? படிச்சவங்க நீங்களே பெத்துக்கலன்னா எப்படி? இது ஆசை இல்ல, கடமைலா."

அவர் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பள்ளிமேல் எனக்கும் உயிர்தான். ஆனாலும் ஒரு நாற்காலியை நிரப்புவதற்காக ஒரு பிள்ளையைப் பெறுவது என்பதை நினைத்தால் ஏனோ மனம் ஒப்பவில்லை. என் வகுப்பில் மூக்கொழுக உட்கார்ந்திருக்கும் எந்தப் பிள்ளையும் நாற்காலிக்காகப் பிறந்ததில்லையே.

திருவிழா அன்று காலை, ஆற்றோரம் சின்னக் கோயிலில் குடங்களில் பால் ஊற்றினார்கள். "யார் பேருக்கும்மா?" என்று பூசாரி கேட்டார். மஞ்சள் சேலையில், மூன்று வாரம் விரதம் இருந்து இளைத்த முகத்தோடு நின்ற மாமியார், என் பெயரையும் நட்சத்திரத்தையும் கணீரென்று சொன்னார். "புள்ள பாக்கியம் வேணும் சாமி."

நான் அவர் பக்கம் நகர்வதற்குள் உறுமி முழங்க ஊர்வலம் கிளம்பிவிட்டது. செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் வெறுங்காலோடு அவர் நடந்தார். வயசுக்கு மீறின நடை. எனக்காக ஒருவர் இப்படி நடக்கும்போது நான் வாயை மூடிக்கொண்டு கூடவே போவது எப்படி? அவர் காதருகே குனிந்தேன்.

"அத்தை, நாங்க பிள்ளை வேணாம்னுதான் இருக்கோம். அமையாம இல்ல."

அவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த குடங்களெல்லாம் முட்டிக்கொண்டு நின்றன.

"எப்போலேர்ந்து இந்த நெனப்பு?"

"கல்யாணத்துக்கு முன்னயே."

"அவனுக்குத் தெரியுமா?"

"அவருக்கும் அதே நெனப்புதான்."

"இத நீ வீட்டுல சொல்லக் கூடாதா? பாசார்ல காய் வாங்கறப்ப சொல்லக் கூடாதா? கொடம் தலையில இருக்கறப்பதான் சொல்லணுமா?"

பின்னால் யாரோ "நடங்கக்கா!" என்று கத்தினார்கள். நடந்தார். மாரியம்மன் கோயில்வரை நடை தளரவில்லை. குடத்தைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றவர், மற்றவர்களெல்லாம் நகர்ந்த பிறகும் நின்றார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

அன்னதானப் பந்தலில் மாமியாரும் நானும் என் கணவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். சாம்பார் வாளியோடு வந்த கோயில் தலைவர், "அடுத்த வருஷம் பேரப்புள்ளையத் தூக்கிட்டு வரணும்க்கா" என்றார்.

"இல்ல தம்பி. அவங்க ரெண்டு பேரும் வேணாம்னு இருக்காங்க."

வரிசை முழுவதும் கை நின்றுவிட்டது. நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"அது எப்படிக்கா? பெத்துக்கறது ஒரு கடமை இல்லயா?"

"நான் அஞ்சு பெத்தேன். உனக்கு ஆசையான்னு ஒருத்தர் கேட்டாங்களா? விடியறதுக்குள்ள பேர் கூப்பிடற பெரட்டுக்கு ஓடணும், ரப்பர் மரம் சீவணும், நடுவுல புள்ளைய விட்டிருக்கற ஆயாக் கொட்டகைக்கு ஓடி வந்து பால் குடுக்கணும். யாராச்சும் கேட்டிருந்தா ரெண்டோட நிறுத்தியிருப்பேன்."

என் கணவர் நான்காவது பிள்ளை. அப்பளத்தைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார். "அப்ப நான்?"

"நீ இருந்திருக்க மாட்ட."

"அது நஷ்டம் இல்லயாம்மா?"

"பொறக்காதவனுக்கு என்னடா நஷ்டம்? நஷ்டம் எனக்குத்தான். அதுவும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. சோறு வாங்கிக்க."

முதலில் சிரித்தது கோயில் தலைவர்தான். வாளி ஆடி, சாம்பார் அவர் வேட்டியிலேயே கொட்டியது. பிறகு பந்தலே சிரித்தது. என் கணவருக்குப் புரையேறிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாமியார் மட்டும் சிரிக்காமல் சாப்பிட்டார்.

கை கழுவும் இடத்தில் என்னைத் தனியே பிடித்தார். "பயமா ஒனக்கு?"

"இல்ல அத்தை. ஆசை வரல, அவ்ளோதான். பகல் பூரா பிள்ளைங்களோட சந்தோஷமா இருக்கேன். வீட்டுக்கு வந்தா நாங்க ரெண்டு பேர் போதும்னு இருக்கு."

முந்தானையால் என் கையைத் துடைத்துவிட்டார். "எனக்கு வருத்தம் இருக்கும். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா என் வருத்தத்துக்காக நீ பெக்க வேணாம். ஆசை இல்லாத வீட்டுக்கு வந்தா அந்தப் புள்ளைக்குத்தான் பாவம்."

பேச்சை மாற்றுவதற்காக, "அவ்ளோ நேரம் சாமிகிட்ட என்ன கேட்டீங்க?" என்றேன்.

"கொடத்தக் கொண்டு போய்ட்டு சும்மா வரவா முடியும்? ஒன் பள்ளிக்கூடத்துக்குப் புள்ள வேணும்னு கேட்டேன். யார் பெத்தா என்ன?"

கேட்டதோடு அவர் விடவில்லை. அம்மனுக்கு ஆயிரம் வேலை இருக்கும், நாமும் கை கொடுக்க வேண்டும் என்றார். கூலிம் போகும் வழியில் புதிய தாமான் குடியிருப்பு ஒன்று எழும்பியிருந்தது. கலைந்துபோன தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே நிறைய. அப்பாவும் அம்மாவும் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள். தமிழ்ப்பள்ளி தூரம், கூட்டிப்போக ஆள் இல்லை என்பதால் பிள்ளைகளைப் பக்கத்து மலாய்ப் பள்ளியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோயில் தலைவரிடம் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஒன்று இருந்தது. "கடமைன்னு சொன்னியே தம்பி, வேன எடு" என்றார் மாமியார். அவர் வேன் சாவியை எடுத்தார்.

சனி ஞாயிறுகளில் மாமியாரோடு நானும் என் கணவரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஒரு வீட்டில் இளம் தாய் தயங்கினாள். "என் மக ரொம்ப கூச்சம்க்கா. வேன்ல தனியா வரமாட்டா."

"தனியா எங்க? நான் ஏறி ஒக்காந்து வரேன்லா."

அந்த ஒரு சொல்லில், வாழ்நாளில் பள்ளிக்கூட வேலை பார்த்திராத என் மாமியார் வேனுக்குத் துணையாள் ஆனார்.

புதிய ஆண்டு தொடங்கிய நாளில் வகுப்பு நிரம்பி வழிந்தது என்று சொல்ல முடியாது. அடுக்கில் இருந்த நாற்காலிகளில் பாதி கீழே இறங்கின. அதற்கே தலைமையாசிரியர் தம் கையால் எல்லாருக்கும் மைலோ கலக்கினார். அந்தக் கூச்சக்காரச் சிறுமி மட்டும் மாமியாரின் சேலையை விடவில்லை. வேறு வழியின்றி அவரும் ஒரு குட்டி நாற்காலியில் வகுப்புக்குள் உட்கார்ந்தார்.

நான் படம் ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். "பிள்ளைங்களா, இது என்ன?"

பிள்ளைகள் வாய் திறக்குமுன் மாமியார் கத்தினார்: "அணில்!"

"அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அப்போதுதான் அந்தச் சிறுமி சேலைக்குள்ளிருந்து தலையை நீட்டிப் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"இல்ல பாட்டி" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "அது முயலு!"

"அட, ஆமா!" என்று மாமியார் தொடையைத் தட்டினார். "டீச்சர், அடுத்த படத்த இவகிட்டயே கேளுங்க."